வால்சான்சீபியோ தோட்டம்: போவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

வெனிஸ் போகிறேன் என்று யாராவது சொன்னால், ஒரு நாளை மிச்சம் பிடித்து வால்சான்சீபியோவுக்கும் போய்வாருங்கள் என்பேன். பதினேழாம் நூற்றாண்டின் பரோக் தோட்டம் ஒன்று, பெரிதாகச் சிதையாமல் அங்கே இருக்கிறது. ஒருமுறை ஏப்ரலில் போனேன், இன்னொரு முறை அக்டோபரில். அதன்பிறகு நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைத்துவிட்டேன்.

முதலில், இது எங்கே இருக்கிறது?

வடகிழக்கு இத்தாலியில், வெனேத்தோ பகுதியில், பதுவா நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். நம் ஊர்த் தேவாலயங்களில் 'பதுவைப் புனித அந்தோணியார்' என்கிறார்களே, அந்தப் பதுவைதான் இது.

தட்டையான சமவெளியில் திடீரென்று கூம்பு கூம்பாகக் குன்றுகள் முளைத்திருக்கும். எப்போதோ அணைந்துபோன எரிமலைகளின் மிச்சம். பெயர் கொல்லி எவுகானெய். 'கொல்லி' என்றால் இத்தாலிய மொழியில் குன்றுகள். நம் கொல்லிமலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பெயரைக் கேட்டதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் குன்றுகளின் மடிப்பு ஒன்றில், கல்சிஞ்ஞானோ தெர்மே என்ற ஊராட்சிக்கு உட்பட்ட குக்கிராமம்தான் வால்சான்சீபியோ. எவுசேபியோ என்ற புனிதரின் பெயரை வெனிஸ் வட்டாரப் பேச்சு உருட்டி உருட்டி இப்படி ஆக்கிவிட்டது: சான்த் எவுசேபியோவின் பள்ளத்தாக்கு.

தோட்டத்தின் முழுப் பெயர் வில்லா பர்பரிகோ பிட்சோனி அர்தேமானி. கைபேசி வரைபடத்தில் 'வில்லா பர்பரிகோ' என்று மட்டும் தட்டினால், நொவேன்தா விச்சென்தீனா என்ற வேறு ஊரில் இருக்கும் வேறொரு மாளிகைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். 'வால்சான்சீபியோ' என்றே தேடுங்கள்.

பணக்காரர் ஒருவரின் ஆடம்பரத் தோட்டம்தானே?

பணக்காரர்தான். ஆனால் கதை ஆடம்பரத்தில் தொடங்கவில்லை. 1630-31இல் வெனிஸைக் கொள்ளைநோய் தாக்கியது. நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் செத்துப்போனார்கள். நோய் விலகினால் மாதாவுக்குக் கோயில் கட்டுகிறோம் என்று வெனிஸ் குடியரசு வேண்டிக்கொண்டது. பெருங்கால்வாய் முகப்பில் நிற்கும் சாந்தா மரியா தெல்லா சலூத்தே அப்படி எழுந்ததுதான். அதே சமயத்தில் ஸுவானே ஃபிரான்செஸ்கோ பர்பரிகோ என்ற வெனிஸ் பிரபுவும் தன் குடும்பத்துக்காக வேண்டிக்கொண்டார். நோய் அவருடைய மனைவியைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் தப்பினார்கள்.

ஆக, இது ஒரு நேர்த்திக்கடன். நிறைவேற முப்பது வருடத்துக்கு மேல் ஆனது, அது வேறு விஷயம். நேர்த்திக்கடன் தள்ளிப்போவது நமக்குத் தெரியாததா என்ன. 1665 வாக்கில் வேலை தொடங்கி, அவருடைய மகன் அந்தோனியோ காலத்தில், 1696இல் முடிந்தது.

இன்னொரு மகன் கிரெகோரியோ பர்பரிகோதான் இதற்கு ஓர் அர்த்தம் கொடுத்தவர். அவர் 1660இல் கர்தினால் ஆனார், 1664இல் பதுவாவின் ஆயரானார், 1960இல் போப் இருபத்துமூன்றாம் ஜான் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். தோட்டம் அழகாக இருந்தால் மட்டும் போதாது, பிழையிலிருந்து மீட்பு வரைக்கும் ஒரு மனிதன் நடக்கும் வழியாகவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். வடிவமைத்தவர் லூயிஜி பெர்னினி என்று சொல்லப்படுகிறது. ரோம் நகரின் புகழ்பெற்ற சிற்பி ஜான் லொரென்சோ பெர்னினியின் தம்பி. நீரூற்று வேலையில் கைதேர்ந்தவர். ஏறக்குறைய 70 சிலைகளில் பெரும்பாலானவற்றைச் செதுக்கியவர் என்ரிகோ மெரென்கோ. பெயர்தான் இத்தாலியம், ஆள் ஜெர்மானியர்: ஹைன்ரிக் மைரிங்.

பரோக் தோட்டம் என்றால் என்ன? எனக்குத் தோட்டக்கலையெல்லாம் தெரியாது.

தெரிய வேண்டியதில்லை. நாடக மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். செடிகள்தான் சுவரும் திரையும், சிலைகள் நடிகர்கள், தண்ணீர் பின்னணி இசை. ஒரே பார்வையில் எல்லாம் தெரிந்துவிடக் கூடாது. திருப்பத்துக்குத் திருப்பம் ஆச்சரியம் வேண்டும். ஆனால் மொத்த அமைப்பும் கணக்குப் போட்ட நேர்க்கோடுகளில் இருக்க வேண்டும். வால்சான்சீபியோவில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு பெரிய நேர்க்கோடுகள் உண்டு. ஒன்று தண்ணீரின் வழி. மற்றது மாளிகைக்குப் போகும் நெடும்பாதை. 10 ஹெக்டேருக்கு மேல், அதாவது 25 ஏக்கர் போல, பரந்த தோட்டத்தில் வழிதவறாமல் இருக்க இந்த இரண்டையும் ஞாபகம் வைத்திருந்தால் போதும்.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் பிடிவாதமாகவே பதில் சொல்வேன். பலர் உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்ட பக்கமெல்லாம் அலைந்து, படம் எடுத்து, முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்து 'நல்லா இருந்தது' என்கிறார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். தயவுசெய்து டயானா வாசலிலிருந்து தொடங்குங்கள்.

அந்தக் காலத்தில் விருந்தாளிகள் வெனிஸிலிருந்து படகில் வருவார்கள். தோட்டத்தின் முன்னால் இருந்த பள்ளத்தாக்கு அப்போது நீர் தேங்கிய மீன்வளப் பகுதி. படகு வந்து நிற்குமிடத்தில் வேட்டைத் தெய்வமான டயானாவின் சிலை உச்சியில் நிற்க, மாளிகை முகப்புப் போல ஒரு பெரிய கல்வாசல். பிற்காலத்தில் நீரை வடித்து அதை விளைநிலம் ஆக்கிவிட்டார்கள். வாசலுக்கு முன்னால் ஒரு குளம் மட்டும் மிச்சம். அங்கே நின்று ஒரு நிமிடம் படகில் வந்து இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள், வாசல் ஏன் அப்படி ஊதிப் பெருத்து நிற்கிறது என்பது புரிந்துவிடும். ஒரு கர்தினாலின் குடும்பத் தோட்டத்து வாசலில் ரோமானியத் தெய்வத்துக்கு என்ன வேலை என்று எனக்கும் முதலில் தோன்றியது. பயணம் தொடங்கும் இடம் அது. வந்திறங்குபவர் இன்னும் உலக ஆசைகளோடு, பழைய தெய்வங்களோடு இருக்கிறார் என்பது பொருள்.

உள்ளே நுழைந்தால் தண்ணீர் வரிசையாக வருகிறது: வானவில் பெயர் கொண்ட நீரூற்று, ஆறுகளின் குளம், காற்றுகளின் குளம். ஆறுகளின் குளத்தில் சாய்ந்து படுத்திருக்கும் உருவங்கள் பிரென்தா, பாக்கில்யோனே என்ற உள்ளூர் ஆறுகள். நதியை மனித உருவத்தில் பார்த்துப் பழகிய நமக்கு அது புதிதாக இருக்காது, நம் நதிகள் பெண்கள், இவர்கள் தாடி வைத்த கிழவர்கள் என்பதைத் தவிர. மூன்று பக்கமும் குன்று இருப்பதால் நீர் மேலேயிருந்து இறங்கும் வேகத்திலேயே ஊற்றுகள் பீறிடுகின்றன. பொறி வைத்து ஏற்றிய தண்ணீர் இல்லை.

பிறகு புதிர்ப்பாதை, துறவியின் குகை, முயல் தீவு, காலத்தின் சிலை. கடைசியில்தான் மாளிகைக்கு முன்னால் உள்ள முற்றமும் படிகளும்.

புதிர்ப்பாதையில் உண்மையிலேயே தொலைந்துபோவோமா?

போவீர்கள். பாக்ஸ் என்ற, எப்போதும் பச்சையாக இருக்கும் வேலிச்செடிகள் 6,000 நட்டு வளர்த்த பச்சைச் சுவர்கள், ஆள் உயரத்துக்கு மேல். உள்ளே நடக்க வேண்டிய பாதையின் மொத்த நீளம் ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் ஒரு சின்ன மேடைக் கோபுரம் உண்டு. அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் மேலேயிருந்து மற்றவர்களுக்கு 'இடது பக்கம், இல்லை இல்லை, அந்த இடது பக்கம்' என்று கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தக் கத்தலை நம்பாதீர்கள். அவர்களுக்குத் தெரியும் இடது வேறு, நமக்கு இடது வேறு.

ஆறு முட்டுச்சந்துகள், சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவரும் ஒரு வளையம், ஆக ஏழு பொறிகள். கத்தோலிக்க மரபு சொல்லும் ஏழு தலையான பாவங்களை இவை குறிக்கின்றன. அந்த வளையம் அகங்காரத்துக்கு உரியதாம். முட்டுச்சந்தில் சிக்கினால் சுவர் எதிரே நிற்கும், தப்பு என்று உடனே தெரிந்துவிடும். வளையத்தில் சிக்கினால் முன்னேறிக்கொண்டே இருப்பது போலத்தான் தோன்றும். யோசித்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

பாதைக்கு எதிர்ப்புறம் துறவியின் குகை. புதிர்ப்பாதையில் திணறி வந்தவர் உட்கார்ந்து, நின்று, தன்னைப் பற்றி யோசிக்க. பெரும்பாலானவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் ஐந்து நிமிடம் உட்காருங்கள், வெயில் நாளில் குளுமையாகவும் இருக்கும்.

ஒரு கவலையும் இருக்கிறது. கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்துசேர்ந்த ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்கள் பாக்ஸ் செடியையே குறிவைத்துத் தின்கின்றன. இத்தாலியில் பல பழைய தோட்டங்களுக்கு இது பெரிய தலைவலி. அதனால் பராமரிப்புக்காகப் புதிர்ப்பாதையைச் சில வேளை மூடியிருந்தால் கோபப்படாதீர்கள். அதற்காகவே போகிறவர்கள் முன்கூட்டியே தோட்டத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

முயல் தீவா? குழந்தைகளுக்கா?

குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் அதற்காக வைத்தது இல்லை. சுற்றிலும் தண்ணீர், நடுவே வட்டமான தீவு, அதில் நிஜமான முயல்கள். தின்று, குட்டி போட்டு, அந்த வட்டத்துக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கின்றன. இடத்துக்கும் காலத்துக்கும் கட்டுப்பட்ட உயிர் வாழ்க்கைக்கு அது உவமை. கொஞ்ச தூரத்தில் காலத்தின் சிலை: சிறகு வைத்த ஒரு கிழவர், தோளில் பன்னிரண்டு முகம் கொண்ட பெரிய கல்பாரம், குனிந்து உட்கார்ந்திருக்கிறார். மணிகள் பறக்கின்றன, ஆண்டுகள் ஓடுகின்றன என்ற கருத்தில் கீழே ஒரு வரி. பாரம் அழுத்துகிறது, ஆனால் சிறகும் இருக்கிறது. முயல்களுக்கு இல்லாதது அதுதான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். வரிசை முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நனைந்துவிடுவோம் என்றார்களே?

வாய்ப்பு உண்டு. விருந்தாளியைத் திடீரென்று நனைத்துச் சிரிப்பது அந்தக் காலத்துப் பிரபுக்களின் விளையாட்டு. தரையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள், மறைவில் ஒரு திருகு. வால்சான்சீபியோவில் 'குறும்புகளின் நீரூற்று' என்றே ஒன்று இருக்கிறது. இவ்வளவு ஆன்மிகத்துக்கு நடுவே இந்தச் சேட்டை எதற்கு என்று கேட்டால், கோயில் திருவிழாவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறோமே, அது போல வைத்துக்கொள்ளுங்களேன். கேமராவுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் பை.

மாளிகைக்குள் போகலாமா?

முடியாது. இன்றும் தனியார் குடும்பத்தின் சொத்து. நுழைவுச்சீட்டு தோட்டத்துக்கு மட்டும்தான்.

அதற்காக முற்றத்தோடு திரும்பிவிடாதீர்கள். மாளிகைக்கு ஏறும் படிகளின் முகப்பில் பதினான்கு வரிக் கவிதை ஒன்று செதுக்கியிருக்கிறது. இத்தாலிய மொழி தெரிந்த யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்லுங்கள். 'ஆவலோடு வந்த பயணியே' என்று விளித்துத் தொடங்குகிறது. இங்கே காணும் அழகெல்லாம் இயற்கையின் கொடை, கலைக்கு அதில் பங்கில்லை என்கிறது (ஆயிரக்கணக்கான செடிகளை வெட்டி நேர்க்கோட்டில் நிறுத்திவிட்டு இப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்). அப்புறம் வரிசையாகக் கோள்கள் வருகின்றன. சூரியன் இங்கே கூடுதலாக ஒளிர்கிறான், வெள்ளி கடலிலிருந்து இன்னும் அழகாக எழுகிறாள், நிலவின் முகம் தெளிகிறது, செவ்வாயின் வெறி இங்கே எட்டாது, சனி தன் பிள்ளைகளைத் தின்பதில்லை, வியாழன் முகம் மலர்ந்திருக்கிறான், புதன் தன் வஞ்சகத்தை இழக்கிறான். எண்ணிப் பாருங்கள், ஞாயிறு முதல் சனி வரை நம் ஏழு கிழமைகளும் வந்துவிட்டன. முடிவில், அழுகைக்கு இங்கே இடமில்லை, சிரிப்புதான் குடியிருக்கிறது. அரசவையின் இடிமுழக்கம் இங்கே கேட்காது. அங்கே நரகம், இங்கே சொர்க்கம் என்கிறது.

மனைவியைக் கொள்ளைநோய்க்குக் கொடுத்தவரின் வீட்டுப் படியில் 'அழுகைக்கு இடமில்லை' என்று எழுதியிருப்பதை, கதை தெரிந்து வாசிப்பதும் தெரியாமல் வாசிப்பதும் ஒன்று இல்லை.

வெர்சாய் பார்த்தாயிற்று. இது எதற்கு?

இரண்டும் ஒரே காலத்தவை. பிரெஞ்சு அரசரின் வெர்சாய் அரண்மனையில் தோட்டக்கலைஞர் லெ நோத்ர் வேலை தொடங்கியதும் 1660களில்தான். அங்கே அரசனின் பார்வை அடிவானம் வரை ஓட வேண்டும், அதற்காகவே தரையைச் சமப்படுத்தினார்கள். தண்ணீருக்கு சேன் ஆற்றங்கரையில் ராட்சத இயந்திரம் வைத்தும் எல்லா ஊற்றுகளையும் ஒரே நேரத்தில் ஓட விட முடியவில்லை. வால்சான்சீபியோவில் குன்றுதான் எல்லை. பார்வை ஓடி முட்டி நின்று திரும்பி உங்களிடமே வருகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பிரம்மாண்டம் வேண்டுமென்றால் வெர்சாய்க்கே இன்னொரு தடவை போங்கள்.

எந்த மாதம் நல்லது? பூக்கள் எப்போது?

பூக்களுக்காக என்றால் ஏமாந்துபோவீர்கள். இது பச்சையும் கல்லும் தண்ணீரும் ஆன தோட்டம், மலர்க் கண்காட்சி இல்லை. அதனால் பூ மாதம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஏப்ரல், மே இதமாக இருக்கும். அக்டோபரில் சுற்றியுள்ள குன்றுகள் செம்பழுப்பாக மாற, நடுவில் பாக்ஸ் சுவர்கள் மட்டும் கரும்பச்சையாக நிற்கும். ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் அப்போது போங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில், புழுக்கம், கொசு. வெனேத்தோவின் வரிக்கொசு நம் ஊர் ஏடிஸ் வகைதான், பகலிலும் கடிக்கும். குளிர்காலத்தில் தோட்டம் மூடியிருக்கும்.

எப்படிப் போவது?

வெனிஸிலிருந்து பதுவாவுக்கு ரயிலில் அரைமணி நேரம் போல. அங்கிருந்து பொலோன்யா பாதையில் போகும் உள்ளூர் ரயிலில் தெர்மே எவுகானே என்ற நிலையத்தில் இறங்கி, டாக்சி. வாடகைக் கார் இருந்தால் எல்லாம் சுலபம். குன்றுகளைச் சுற்றி நல்ல சைக்கிள் பாதை உண்டு; கால் வலுவுள்ளவர்களுக்கு அதைவிட அழகான வழி இல்லை.

பேருந்தை நம்பிக் கிளம்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நம்பினேன். வர வேண்டிய பேருந்து அன்று ஓடாது என்பது நிறுத்தத்துப் பலகையில் பொடி எழுத்தில் இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. டாக்சியில் போனால் திரும்பும் நேரத்தையும் ஓட்டுநரிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள், கிராமத்தில் கைகாட்டி நிறுத்த டாக்சி கிடைக்காது. மதிய இடைவேளைக்கு மூடும் பழக்கம் இத்தாலியில் சகஜம் என்பதால் திறந்திருக்கும் நேரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா?

போகலாம். சரளைக்கல் பாதை, நல்ல செருப்பு வேண்டும். புதிர்ப்பாதையை அவர்கள் விட்டுவிடுவது நல்லது, உள்ளே உட்கார இடம் தேடினால் கிடைக்காது. நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம், சிலைகளின் பீடத்து வரிகளையெல்லாம் படிக்க ஆசையென்றால் மூன்று.

மீதி நாளை என்ன செய்வது?

பதுவாவுக்கே திரும்பினால் அந்தோணியார் பேராலயம், ஓவியர் ஜோத்தோவின் சுவரோவியங்கள் உள்ள ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயம், 1545இல் தொடங்கிய பல்கலைக்கழகத் தாவரத் தோட்டம் என்று நாள் போதாது. சிற்றாலயத்துக்கு மட்டும் முன்பதிவு கட்டாயம்.

ஆனால் கார் இருந்தால் நான் ஆர்க்குவா பெத்ரார்காவுக்குத்தான் போவேன். சில கிலோமீட்டர் தூரத்தில், குன்றின்மேல் கல்வீடுகள் கொண்ட சின்ன ஊர். கவிஞர் பெத்ரார்கா கடைசி வருடங்களைக் கழித்து 1374இல் இறந்தது இங்கேதான்; வீடும் கல்லறையும் இருக்கின்றன. இலையுதிர்காலத்தில் போனால் தெருவெங்கும் இலந்தைப் பழம். நம் இலந்தையின் சொந்தக்கார இனம்தான், கொஞ்சம் பெரிசு, ஆப்பிள் போலக் கடிபடும். அக்டோபரில் அதற்கு ஒரு திருவிழாவே நடக்கிறது. சந்தோஷத்தில் மிதக்கிறவனை 'இலந்தைக் குழம்பில் போய்விட்டான்' என்று சொல்வது இத்தாலிய வழக்கு. அந்த 'இலந்தைக் குழம்பு' பாட்டிலிலும் விற்கும். பெயரைப் பார்த்து பழச்சாறு என்று குழந்தைகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள், அது மது.